சடன் பிரேக் போட்டாலும் வண்டி சாயாமல் நிற்க...



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்து நோட்டை மூடும் நேரத்தில், கொஞ்ச காலமாகவே ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. "யக்கா, நேத்து ஆடு ஒண்ணு குறுக்க வந்துட்டு. பிரேக்கப் புடிச்சேன். வண்டி அப்படியே இழுத்துட்டுப் போயி படுத்துருச்சு" என்று ஒருவர் சொல்வார். உடனே இன்னொருவர் "எனக்கும் அப்படித்தான்லா ஆச்சு" என்பார். முழங்கையில் சிராய்ப்பு, கணுக்காலில் சுளுக்கு என்று ஆளுக்கு ஒரு கதை இருக்கும். கேட்டுவிட்டு "கண்ணேறு கழிஞ்சுது, போ" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறோம்.

ஆனால் இது சிரித்து விடுகிற விஷயம் இல்லை. சடன் பிரேக் போடும்போது வண்டி சாய்வதற்குக் காரணம் உண்டு, சாயாமல் நிறுத்துவதற்கு முறையும் உண்டு. அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பவும் திருப்பவும் சொல்லிக் கொடுத்த அண்ணனோ, வீட்டுக்காரரோ, தம்பியோ, நிறுத்துவதை மட்டும் "பிரேக்கப் புடி" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டார்கள். அந்த விட்டுப்போன பாடத்தைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

சைக்கிளில் இருந்து ஸ்கூட்டி வரை

பெண்கள் சக்கரத்தில் ஏறியது நம் தமிழ்நாட்டில் பெரிய கதை. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்துப் பயிற்சியோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், கூட்டத்துக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற நிலை வந்தது. பிறகு 2018 பிப்ரவரி 24 அன்று, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டம் 2021-இல் நிறுத்தப்பட்டாலும், அதில் வாங்கிய வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் குழுக் கடனில் வாங்கியவையும் இருக்கின்றன.

சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர், குருவிகுளம் ஒன்றியங்களில் இப்போது வண்டி இல்லாமல் வேலை ஓடுவதில்லை. விடியுமுன் பூ பறித்து சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள், விசைத்தறிக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாக இருக்கிறவர்கள், ஊர் ஊராகப் போய் குழுக்களைப் பார்க்கும் ஊக்குநர்கள் என எல்லார் வாசலிலும் ஒரு ஸ்கூட்டியோ எக்ஸ்எல்லோ நிற்கிறது. வண்டி நமக்கு வருமானம். அதே வண்டி ஆபத்தாகவும் ஆகிவிடக் கூடாது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கு சொல்கிறது. அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் ஓட்டியவர்கள்கூட இல்லை, பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

முன் பிரேக் என்றால் ஏன் பயம்?

"நீங்க எந்த பிரேக்கப் பிடிப்பீங்க?" என்று நாங்கள் கூட்டங்களில் கேட்பது உண்டு. பெரும்பாலும் வரும் பதில், "இடது கைதான். வலது கைப் பிரேக்கத் தொடவே மாட்டேன். முன்னால பிடிச்சா குப்புறத் தள்ளிரும்லா?" என்பதுதான்.

இந்தப் பயம் சைக்கிளில் இருந்து வந்தது. சைக்கிள் எடை குறைந்தது. ஓட்டுகிற நம் எடைதான் அதிகம், அதுவும் உயரத்தில் இருக்கிறது. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் பின் சக்கரம் தூக்கிக்கொண்டு நாம் கைப்பிடிக்கு மேலே போய் விழ வாய்ப்பு உண்டு. சின்ன வயதில் ஒரு தடவை அப்படி விழுந்தவர்களுக்கு அது மறக்காது.

ஸ்கூட்டர் அப்படி இல்லை. சுமார் 90 முதல் 110 கிலோ எடை. இன்ஜின் தாழ்வாக, பின் பக்கம் இருக்கிறது. அதனால் சாதாரணமாக ஓடும் ஸ்கூட்டர் முன் பிரேக்கால் தலைகுப்புறக் கவிழ்வது அபூர்வம். முன் பிரேக் பிடித்து விழுந்தவர்களை விசாரித்துப் பார்த்தால், மூன்றில் ஒரு காரணம் இருக்கும்: வெடுக்கென்று இறுக்கிப் பிடித்திருப்பார்கள், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்திருப்பார்கள், அல்லது மணலிலோ ஈரத்திலோ பிடித்திருப்பார்கள். இந்த மூன்றையும் தவிர்த்தால், நாம் பயப்படுகிற அந்த வலது கை பிரேக்தான் நம்மைக் காப்பாற்றும்.

பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறது?

மினி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் பிரேக் அடித்ததும் எல்லோரும் முன்னால் போய் விழுகிறோம். வண்டி நின்றாலும் நம் உடம்பு போன வேகத்திலேயே போகப் பார்க்கிறது. ஸ்கூட்டியிலும் இதே கதைதான். பிரேக் பிடித்த உடனே வண்டியின் எடையும் நம் எடையும் முன் சக்கரத்தின் மேல் போய் அழுந்துகிறது. பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடுகிறது.

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ரப்பர் செருப்பு ஒன்றைச் சிமெண்ட் தரையில் வைத்து, மேலே லேசாகக் கை வைத்துத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். அதே செருப்பை உள்ளங்கையால் நன்றாக அழுத்திக்கொண்டு தள்ளுங்கள். நகரவே மறுக்கும். பாரம் கூடக் கூட ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்கிறது. டயரும் ரப்பர்தான்.

ஆகவே, பிரேக் பிடித்தவுடன் முன் டயர் அழுத்திய செருப்பு மாதிரி தரையைப் பிடித்துக்கொள்கிறது. பின் டயர் லேசாகக் கை வைத்த செருப்பு மாதிரி வழுக்கத் தயாராகிறது. வண்டியை நிறுத்தும் சக்தி முன் சக்கரத்தில்தான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறவர், பாரமே இல்லாத சக்கரத்தை நம்பி வண்டியை நிறுத்தப் பார்க்கிறார்.

சக்கரம் உருளும் வரைதான் வண்டி நம் கையில்

நுங்கு வண்டி உருட்டி விளையாடியிருப்போம். உருண்டு ஓடுகிற வரைக்கும் நேராக நிற்கும். உருளுவது நின்றால் சாய்ந்துவிடும். சைக்கிள் டயரை குச்சியால் தட்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும், ஆனால் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "வீல் லாக் ஆகுது" என்பார்கள். லாக் ஆன டயர் தரையில் தேய்ந்துகொண்டு போகுமே தவிர உருளாது.

பின் சக்கரம் லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் இடதோ வலதோ இழுத்துக்கொண்டு போகும். "வால் ஆடுது" என்று சொல்வார்கள். "வண்டி அப்படியே இழுத்துட்டுப் போயி படுத்துருச்சு" என்று நம் சகோதரி சொன்னது இதுதான். முன் சக்கரம் லாக் ஆனால் அதைவிட மோசம். ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது, கண் இமைக்கும் நேரத்தில் வண்டி கீழே போய்விடும்.

ஆகையால் சக்கரம் லாக் ஆகிற அளவுக்குப் போகாமல், அதற்கு முன்னால் உள்ள அளவு வரை பிரேக்கை அழுத்த வேண்டும். அதற்கு மூளைக் கணக்கு ஒன்றும் வேண்டாம், கைப் பழக்கம் போதும்.

எப்படிப் பிடிக்க வேண்டும்?

மாடு கறக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். காம்பை வெடுக்கென்று இழுத்தால் மாடு உதைக்கும். விரல்களை மெதுவாக மடக்கி, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் பால் பீய்ச்சும். பிரேக் லீவரும் அப்படித்தான்.

1. முதலில் ஆக்சிலேட்டரை முழுசாக விடுங்கள். பதற்றத்தில் பலர் வலது கையால் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே பிரேக்கையும் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் வண்டி ஓடப் பார்க்கும், ஒரு பக்கம் நிற்கப் பார்க்கும்.

2. ஹேண்டில் நேராக இருக்கட்டும். வண்டியும் சாயாமல் நேராக இருக்கட்டும்.

3. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஸ்கூட்டியில் வலது கை லீவர் முன் பிரேக், இடது கை லீவர் பின் பிரேக். வீட்டுக்காரரின் பைக்கை ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள்: அதில் வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக். இடது கையில் இருப்பது கிளட்ச். ஸ்கூட்டி பழக்கத்தில் கிளட்சைப் பிடித்தால் வண்டி நிற்காது.

4. முதலில் லேசாகத் தொடங்குங்கள். முன்பக்கம் சற்றுத் தாழ்வது தெரியும். எடை முன் டயருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வலது கை அழுத்தத்தைக் கூட்டுங்கள். இந்த "முதல்ல லேசா, அப்புறம் பலமா" என்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

5. கண் தூரத்தைப் பார்க்கட்டும். குறுக்கே வந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் அந்தப் பக்கம்தான் போகும். ஆட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைப் பாருங்கள்.

6. கால்களை உள்ளேயே வையுங்கள். வண்டி ஓடும்போது காலைத் தரையில் தேய்த்து நிறுத்தப் பார்ப்பது கணுக்காலுக்குத்தான் கேடு. அநேகமாக நின்ற பிறகுதான் கால் ஊன்ற வேண்டும். முழங்கைகள் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். விறைப்பாகக் கையை நீட்டினால் உடம்பின் பாரம் முழுக்க ஹேண்டிலில் விழுந்து வண்டி ஆடும்.

இவ்வளவு செய்தும் பின்பக்கம் இழுப்பது தெரிந்தால், இடது கை லீவரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் மறுபடி உருள ஆரம்பித்ததும் வண்டி நேராகும். முன் சக்கரம் வழுக்குவது போலத் தெரிந்தால் வலது கையை உடனே தளர்த்தி, மறுபடி மெதுவாகப் பிடியுங்கள்.

டயர் கடன் தராது

வளைவில் ஏன் விழுகிறோம் என்பதை நம் குழுக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். டயருக்குத் தரையைப் பிடிக்கும் சக்தி நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான சாலையில் நூறையும் பிரேக்குக்கே செலவழிக்கலாம். வளைவில் திரும்புவதற்கே எழுபது ரூபாய் போய்விடும். மிச்சம் முப்பதுதான். முப்பது இருக்கிற இடத்தில் ஐம்பதுக்குப் பிரேக் போட்டால் குழு மாதிரி உள்கடன் கொடுக்க டயருக்குத் தெரியாது. அங்கேயே வழுக்கிவிடும்.

அதனால் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் திடீரென்று நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், முடிந்தவரை வண்டியை நிமிர்த்தி நேராக்கி, அப்புறம் அழுத்துங்கள்.

மழை பெய்தால் கையில் இருப்பதே நூறு ரூபாய் இல்லை, பாதிதான். அதுவும் பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் தூறல் மிகவும் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து பாசி மாதிரி ஆகிவிடும். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் சக்கரங்கள் வயலில் இருந்து கரிசல் மண்ணைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து விடுகின்றன. அது காய்ந்தால் தூசி, நனைந்தால் களி. மக்காச்சோளமும் பயறும் காயப்போட்ட சாலையும் அப்படியே. மணிகள் டயருக்குக் கீழே உருண்டு, பிரேக் பிடித்தவுடன் வண்டியை வாரிவிடும்.

இந்த மாதிரி இடங்களில் செய்ய வேண்டியது என்ன? போவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பது. உள்ளே போய்விட்டால் நேராக, மெதுவாகப் போய் வெளியே வருவது. பிரேக் பிடித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் மிக லேசாக, அதிலும் முன் பிரேக்கை இன்னும் லேசாகப் பிடிப்பது. இந்த ஒரு இடத்தில் மட்டும் முன் பிரேக்கிடம் எச்சரிக்கை தேவை. தானியம் காயப்போடுகிறவர்களும் நம் சகோதரிகள்தான் என்பதால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வளைவிலும் பாலத்தின் மேலும் காயப்போடாதீர்கள். மூடி வைக்கிற தார்ப்பாயின் மேல் கல்லை வைத்துவிட்டு இரவில் அப்படியே விட்டுப் போகாதீர்கள்.

எத்தனை அடியில் நிற்கும்?

ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியும் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை, இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடித்தால் கணக்கு சுமாராக இப்படி வரும்:

20 கிலோமீட்டர் வேகம் – மொத்தம் 30 அடியில் நிற்கும்.
40 கிலோமீட்டர் வேகம் – மொத்தம் 70 அடி.
60 கிலோமீட்டர் வேகம் – மொத்தம் 130 அடி. மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினாலும் இந்த நீளம் வராது.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. 60-இல் போகிறவர் 40-இல் போகிறவரைவிடக் கொஞ்சம்தான் சீக்கிரம் வீடு சேருவார், ஆனால் நிற்பதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

இப்போது பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர் கணக்கைப் பார்ப்போம். அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் அவருக்கு நிற்க சுமார் 100 அடி வேண்டும். இரண்டையும் பிடித்தவர் 70 அடியில் நின்றுவிட்டார். அந்த 70-ஆவது அடியில் இவர் வண்டி இன்னும் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நிற்பது ஆடாக இருக்கலாம், மாட்டு வண்டியாக இருக்கலாம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம். ஒரு கை பயப்படுவதால் வரும் வித்தியாசம் இது.

பின்னால் ஆள், முன்னால் பிள்ளை, காலடியில் மூட்டை

நாம் தனியாக வண்டியில் போவது குறைவு. பூக்கூடை, ரேஷன் அரிசி, தண்ணீர் கேன், பிள்ளைகள் என்று எதையாவது ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். பாரம் கூடினால் நிற்கும் தூரமும் கூடும்.

பின்னால் இருப்பவர் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வண்டியின் சமநிலை அந்தப் பக்கம் சாயும். சடன் பிரேக்கில் அவர் நம் முதுகில் வந்து மோதினால் நம் கை ஹேண்டிலைத் தள்ளிவிடும். முடிந்தவர்கள் இரு பக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லது. சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவர் பின் கம்பியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சின்னப் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. பிரேக் பிடித்தவுடன் பிள்ளையின் முகம் நேராக ஹேண்டிலில்தான் போய் மோதும். பாவம் பார்த்து நாமும் பிரேக்கைப் பாதியில் விட்டுவிடுவோம். 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும், தலைக்குக் கவசமும் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

மூட்டையை ஹேண்டிலில் தொங்க விடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அது ஊஞ்சல் மாதிரி ஆடி ஹேண்டிலைத் திருப்பிவிடும். காலடியில் வைத்தால் நகராதபடி கட்டி வையுங்கள்.

வண்டியையும் ஒரு பார்வை

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புது வண்டிகளில், 125 சிசி வரை உள்ளவற்றுக்கு சிபிஎஸ் என்ற இணைப்பு பிரேக் அல்லது ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டியில் இடது லீவரைப் பிடித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அது பெரிய உதவிதான். ஆனாலும் முழு பலமும் வேண்டும் என்றால் வலது கையும் சேர வேண்டும். ஏபிஎஸ் என்பது சக்கரம் லாக் ஆகப் போகும்போது பிரேக்கைத் தானே தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும் கருவி. அதற்கு முந்தைய வண்டி என்றால் எல்லாம் நம் கையில்தான். ஆர்.சி. புத்தகத்தில் வண்டி எந்த வருடம் என்று பாருங்கள்.

வாரம் ஒரு முறை டயரில் காற்று பாருங்கள். டயர் பட்டன் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். லீவரைப் பிடித்தால் கைப்பிடியை ஒட்டும் அளவுக்கு உள்ளே போனால் பிரேக்கை டைட் வைக்க வேண்டும் அல்லது பிரேக் ஷூ மாற்ற வேண்டும். சில வீடுகளில் "பொம்பளப் பிள்ள ஓட்டுறது, எதுக்கு வம்பு" என்று முன் பிரேக்கை வேண்டுமென்றே லூசாக வைத்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் அப்படி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் மெக்கானிக்கிடம் சரியாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய வண்டி வாங்கும்போதும் பெயிண்ட்டைப் பார்ப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோலப்பொடி டப்பா

படித்தால் மட்டும் பழக்கம் வராது. சடன் பிரேக் வேண்டிய நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது, கை தானாகச் செய்ய வேண்டும். அதற்கு இப்படிப் பழகலாம்:

வண்டி நடமாட்டம் இல்லாத, மணல் இல்லாத சமமான இடம் பாருங்கள். ஐந்தாறு பேராகச் சேர்ந்து போங்கள். ஹெல்மெட்டும் காலை மூடிய செருப்பும் கட்டாயம்.

முதலில் வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். முன்பக்கம் தாழ்வதைப் பார்ப்பீர்கள். பத்து தடவை செய்யுங்கள். பாதி பயம் இதிலேயே போய்விடும்.

அடுத்து கோலப்பொடியால் தரையில் ஒரு கோடு போடுங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, கோட்டில் முன் சக்கரம் பட்டதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, லேசாகத் தொடங்கி அழுத்துங்கள். எங்கே நின்றதோ அங்கே இன்னொரு கோடு போடுங்கள். சக்கரம் தேய்ந்த தடம் தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ஆளுக்குப் பத்து தடவை வந்தபின், வேகத்தை 20, 25 என்று மெல்லக் கூட்டுங்கள். 30-க்கு மேல் பயிற்சியில் போக வேண்டாம். அன்றாடம் ஓட்டும்போதும் சாதாரணமாக நிறுத்துவதற்கே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். தினமும் செய்வதைத்தான் அவசரத்திலும் கை செய்யும்.

குழுக் கூட்டத்தில் பேச

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த நான்கு விஷயங்களையும் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. நம் குழுவில் வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களில் முன் பிரேக் பிடிக்காதவர்கள் எத்தனை பேர்?
2. ஓட்டுகிற எல்லோரிடமும் ஓட்டுநர் உரிமமும் நடப்பில் உள்ள காப்பீடும் இருக்கிறதா?
3. வண்டி வாங்க உள்கடன் கொடுக்கும்போது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரண்டு ஹெல்மெட்டுக்கும் சேர்த்துக் கடன் தரலாமா? பழைய வண்டி என்றால் டயரும் பிரேக்கும் சரிபார்த்த பிறகே பணம் தருவது என்று வைக்கலாமா?
4. பயிற்சிக்கு எந்த ஞாயிறு, எந்த இடம்? நன்றாக ஓட்டத் தெரிந்த எந்த அக்கா பொறுப்பு எடுப்பார்?

ஒரு குழுவில் ஒருவர் கை ஒடிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தால் சேமிப்பும் நிற்கும், தவணையும் நிற்கும், அந்த வீட்டு அடுப்பும் தடுமாறும். இதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். யாராவது அடிபட்டால் 108-க்குச் சொல்லுங்கள். தலையில் அடி என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாமல், ஆளையும் அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள்.

பயிற்சி நடத்திய குழுக்கள் எத்தனை பேர் கலந்துகொண்டீர்கள், கோட்டில் இருந்து எத்தனை அடியில் நிறுத்தினீர்கள் என்று கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.